பசையின் மேல் போட்ட பழி

திண்டிவனத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன், ஒன்பதாவது படிக்கிறான், போன கோடை விடுமுறையில் மீன் தொட்டிக்குள் வைக்க ஒரு குகை செய்தான். இரண்டடித் தொட்டி, ஆறு கற்கள். ஒட்டியது ஐந்து ரூபாய் ட்யூபால். எந்தக் கம்பெனிப் பசையானாலும் நம் பக்கத்தில் அதற்கு ஃபெவிக்விக் என்றுதான் பெயர். சனிக்கிழமை ஒட்டினான். ஞாயிற்றுக்கிழமை போர் தண்ணீரை நிரப்பிப் பத்துக் கப்பி மீன்களை விட்டான். வியாழக்கிழமை காலையில் ஏழு கப்பிகள் மிதந்தன. மிச்சம் மூன்றும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

பையனின் அப்பா தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே ஒரு மீன் கடையில் விசாரித்துவிட்டு வந்தார். தீர்ப்பு ஒரே வார்த்தை: "சயனைடு." அந்தப் பசையில் சயனைடு இருக்கிறதாம். மீனுக்கு விஷம் வைத்தவன் என்று தங்கை கேலி செய்ய, பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இருபது வருஷமாகத் தொட்டி வைத்திருப்பவனுக்கு இந்தத் தீர்ப்பு புதிதில்லை. விழுப்புரத்தில் கேட்டாலும் சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் கேட்டாலும் மூன்று வாக்கியம் வரும். க்விக் பசை விஷம். சிலிகான் சேஃப். காசு இருந்தால் வெளிநாட்டு அக்வேரியம் குளூ வாங்கு. இதில் முதலாவது பொய். இரண்டாவது பாதி உண்மை. முழுப் பொய்யைவிட அதுதான் ஆபத்து. மூன்றாவது, முதல் வாக்கியத்தில் விஷம் என்று சொன்ன அதே சாமானை வேறு பாட்டிலில் போட்டு விற்பது.

முதலில் பெயர். அந்தப் பசையின் ரசாயனப் பெயர் சயனோ அக்ரிலேட். பெயரில் 'சயனோ' இருப்பதைப் பார்த்ததும் நகைப் பட்டறைக் குப்பி ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த கூட்டுக்கு அந்தப் பெயர். அந்தக் கூட்டு சயனைடு உப்பிலும் இருக்கிறது, இந்தப் பசையிலும் இருக்கிறது. உப்பில் அது தண்ணீர் பட்டதும் தனியே கழன்று வந்து உயிரை எடுக்கும். பசையில் அது இன்னொரு கார்பனோடு இறுகப் பிணைந்து, நீண்ட சங்கிலியின் ஒரு கண்ணியாகக் கிடக்கிறது. தொட்டித் தண்ணீர் அதைக் கழற்றாது. சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும், குளோரின் நுரையீரலை அரிக்கும். இரண்டும் சேர்ந்த உப்பை மரக்காணத்து அளங்களில் வாரி எடுத்து ரசத்தில் போடுகிறோம்.

உண்மையிலேயே சயனைடு தரக்கூடிய பொருள் வேண்டுமென்றால் மேற்கே கொஞ்ச தூரம் போனால் போதும். 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளி விளைகிறது. கிழங்கில் இருக்கும் லினமாரின் என்ற பொருள் உடைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். தோலுரித்து, நறுக்கி, மூடியைத் திறந்து வைத்து வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, தேங்காய் துருவிப் போட்டுச் சாப்பிடுகிறோம். அதைச் சாப்பிட்ட வாயோடு, காய்ந்து கிடக்கும் ஒரு சொட்டுப் பசையைக் காட்டிச் சயனைடு என்கிறோம்.

இந்தப் பசை பிறந்தது 1942-ல். போர்க்காலத்தில் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு, தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் இந்தத் திரவத்தைக் கண்டு, தொல்லை என்று ஒதுக்கியது. பிறகு கூவர் கோடாக் கம்பெனியில் இருந்தபோது மறுபடி கையில் அகப்பட்டது. 1958-ல் விற்பனைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயத்தின் மேல் தெளித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். 1998-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பசைக்கு, தையலுக்குப் பதிலாகத் தோலை ஒட்ட அனுமதி கொடுத்தது.

எதிர்க்கட்சி இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். ஆஸ்பத்திரிப் பசையும் அஞ்சு ரூபாய் ட்யூபும் ஒன்றா? இல்லை. ட்யூபில் இருப்பது பெரும்பாலும் எத்தில் வகை. தோலில் போடுவது ஆக்டில் வகை. குட்டைச் சங்கிலி வகைகள் உடம்பின் சதைக்குள் சீக்கிரம் உடைந்து எரிச்சல் உண்டாக்கின, அதனால்தான் நீளமானதற்குப் போனார்கள். ஆகவே மருத்துவமனையைச் சாட்சிக்குக் கூப்பிடுவதோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. இன்னும் நெருக்கமான சாட்சி இருக்கிறது. கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள், உடைத்த பவளத் துண்டுகளைக் கல்லில் நிறுத்துவதற்கு இதே சயனோ அக்ரிலேட்டின் ஜெல்லைத்தான், தண்ணீருக்குள்ளேயே வைத்து, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். செம்பு துளி கூடினாலே சுருண்டுவிடும் பிராணி பவளம். அது தாங்குகிற பசையைச் சாக்கடையிலும் பிழைக்கும் கப்பி தாங்காது என்பதை நம்புவதற்கு ஆதாரம் வேண்டும். 'சயனோ' என்ற மூன்றெழுத்து ஆதாரமாகாது.

ஆனால் நெடி கண்ணில் குத்துகிறதே, காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூக்கிறதே என்பார்கள். குத்துவது காயாத பசையின் ஆவி. அதே ஆவி பக்கத்துக் கல்லில் படிந்து இறுகினால் வெள்ளைப் படலம். பார்க்க அசிங்கம், மீனுக்கு ஒன்றுமில்லை. காற்றிலும் கல்லிலும் இருக்கும் ஈரம்தான் இந்தப் பசையை இறுக வைக்கிறது. மெல்லிய பூச்சு நொடிகளில் இறுகும், மொத்தமாகப் பிதுக்கிய உருண்டை உள்ளே இறுகப் பல மணி நேரம் ஆகும். ஒட்டிய கல்லை ஒரு நாள் திறந்த இடத்தில் விட்டு, கழுவிப் போட்டால் முடிந்தது. இதில் எனக்குப் பயம் இருக்கிற இடம் வேறு. வீடியோ பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பஞ்சை இடுக்கில் திணித்து அதன்மேல் இந்தப் பசையை ஊற்றுகிறார்கள். பருத்தியும் இந்தப் பசையும் சேர்ந்தால் சூடு கிளம்பும், புகையும், விரலைச் சுடும். கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிதான். மீனுக்காகப் பயப்படுகிறவர்கள் ஒட்டுகிற பிள்ளையின் விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்றாவது வாக்கியத்தை இங்கேயே முடித்துவிடலாம். செடி ஒட்டவும் பவளம் ஒட்டவும் என்று பல நூறு ரூபாய்க்கு வரும் வெளிநாட்டுப் பசைகளில் நிறைய, சயனோ அக்ரிலேட் ஜெல். சீகெம் கம்பெனியின் ஃபிளரிஷ் குளூவும் அதுதான். ஜெல்லாக இருப்பதால் வழியாது, வளைந்த கல்லில் உட்காரும், அது வசதி. வசதிக்குக் காசு கொடுப்பது தப்பில்லை. விஷத்திலிருந்து தப்பிக்கிறோம் என்று கொடுப்பதுதான் ஏமாளித்தனம்.

சிலிகானுக்கு வருவோம். விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடையில் சிலிகான் கேட்டேன். மேஜைமேல் மூன்று குழாய்கள் வந்து விழுந்தன. "இன்னா சார், எல்லாம் ஒண்ணுதான். இது பாத்ரூமுக்கு நல்லா போவுது, கறுப்பே புடிக்காது," என்று ஒன்றை முன்னால் தள்ளினார். கறுப்பு ஏன் பிடிக்காது? பூஞ்சையைக் கொல்லும் மருந்தை உள்ளே கலந்திருக்கிறார்கள். பாத்ரூம் ஓரத்துக்கு அது நல்ல குணம். ஆனால் அந்த மருந்து மெல்ல மெல்ல வெளியே கசிந்தால்தான் வேலை செய்யும், அப்படிக் கசியத்தான் கலக்கிறார்கள். மூடிய தொட்டியில், அதே தண்ணீரில் ராப்பகலாக மூச்சுவிடும் மீனுக்கு நடுவே அதை யார் வைக்கச் சொன்னது? 'சிலிகான் சேஃப்' என்ற வாக்கியம்தான் சொன்னது. அந்த வாக்கியத்தில் எந்த சிலிகான் என்ற கேள்வியே இல்லை.

மற்ற இரண்டும் இறுகும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை. கண்ணாடித் தொட்டிகளையே காலம் காலமாக ஒட்டுவது இதை வைத்துத்தான். மருந்து கலக்காததாக இருந்தால் நல்ல சரக்கு. ஆனால் அது பிறந்தது கண்ணாடிக்கு, எல்லாக் கல்லுக்கும் இல்லை. வினிகர் வாடை என்றால் அசிட்டிக் அமிலம். சுண்ணாம்புக்கல்லில் தடவினால் அந்த அமிலம் கல்லின் தோலையே தின்று, பசைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு உப்புப் படலத்தை உண்டாக்கும். மார்பிளிலும் கான்கிரீட்டிலும் இதைப் போடாதீர்கள் என்று தயாரிப்பவர்களே சொல்வது இதனால்தான். ஒட்டின மாதிரியே இருக்கும். ஒரு மாதம் கழித்து நகத்தால் நெம்பினால் தோசை மாதிரி எழும்பி வரும்.

நம் மாவட்டத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. திண்டிவனத்தைச் சுற்றிக் குவாரிகளில் வெட்டுவது சார்னகைட் என்னும் கருநீலப் பாறை, ஜல்லியாக ஊரெல்லாம் போகிறது, வினிகரைப் பொருட்படுத்தாது. தெற்கே வழுதாவூர்ப் பக்கம் கதையே வேறு. ஏழு கோடி ஆண்டுக்கு முன்னால் அங்கே கடல். சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் படிவத்துக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே வழுதாவூர் அடுக்கு. ஒரே மாவட்டம், ஒரு மணி நேரப் பயணம். ஒரு கல்லில் பிடிக்கும் பசை இன்னொன்றில் பிடிக்காது. (திருவக்கரைக் கல்மரம் சிலிக்காவாக மாறியது, எந்தப் பசைக்கும் மசியும். ஆனால் அது புவியியல் ஆய்வுத் துறை காக்கும் தேசியக் கல்மரப் பூங்கா. அங்கே ஒரு சில்லைக்கூடப் பொறுக்கிப் பையில் போடாதீர்கள்.)

இனி இறுகும் நேரம். குழாயில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கும். அது கண்ணாடி மூலையில் இழுத்த மெல்லிய கோட்டுக்கு. சிலிகான் வெளியிலிருந்து உள்ளே, காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து இறுகுவது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாக. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு தட்டைக் கற்களுக்கு நடுவே அப்பினால், இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை எட்டப் பத்து நாளுக்குக் குறையாது. ஒருமுறை சந்தேகப்பட்டு ஐந்தாம் நாள் ஒரு ஜோடியை பிளேடால் பிளந்து பார்த்தேன். ஓரம் அழகான ரப்பர். நடுவில் பற்பசை, வினிகர் வாடை குப்பென்று வந்தது. அதைத் தண்ணீரில் போட்டிருந்தால் பற்பசை கொஞ்சம் கொஞ்சமாக மீனின் வீட்டுக்குள் போயிருக்கும். அப்போதும் 'சிலிகான் சேஃப்' என்ற வாக்கியம் அசையாமல் நின்றிருக்கும். பழி போட ஒரு க்விக் ட்யூப் பக்கத்தில் எங்கேயாவது கிடந்திருக்கும்.

எம்-சீல் மாதிரிப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து. குடத்து ஓட்டையை அதனால் அடைத்து அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடிப்பவரும் மீனுக்கு வேண்டாம் என்பார். இதில் கவனிக்க வேண்டியது பிராண்டு இல்லை, பிசைவது. இரண்டு நிறமும் கலந்து, கோடே தெரியாமல் ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும். கோடு மிச்சமிருந்தால் அங்கே இறுக்கும் மருந்து ஜோடி கிடைக்காமல் தனியே நிற்கிறது, அது மீனுக்கு ஆகாது. உலோகத்தூள் கலந்த வகை வேண்டவே வேண்டாம். சிமென்ட்டில் சுண்ணாம்பு கசியும். சில வாரம் தொட்டிக்கு வெளியே ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் அது. வெள்ளை ஃபெவிகால் தண்ணீரில் இளகும். செருப்புக்கு ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் பக்கம் போகவே கூடாது, அதன் வாடையே சொல்லும்.

அப்படியானால் கப்பிகள் எதனால் செத்தன? தொட்டியின் வயது நான்கு நாள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறப் புதுத் தொட்டியில் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பையன் ஒரு நாளைக்கு நாலு வேளை தீனி போட்டிருக்கிறான், பாசத்தில். என்னிடமிருந்த அம்மோனியா சோதனைச் சொட்டை அவர்கள் தொட்டித் தண்ணீரில் விட்டேன். நல்ல தண்ணீர் என்றால் குழாயில் எலுமிச்சை மஞ்சளாகவே நிற்கும். இது ஐந்து நிமிடத்தில் வாழையிலைப் பச்சைக்குப் போனது. போர் தண்ணீரின் பி.எச். எட்டு. 25 டிகிரி சூட்டில் பி.எச். ஏழாக இருந்தால் அம்மோனியாவில் நூற்றில் அரைப் பங்குதான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். எட்டானால் ஐந்து பங்குக்கு மேல். பத்து மடங்கு. மே மாத திண்டிவனத்தில் தண்ணீர் இதைவிடச் சூடு, கணக்கு இன்னும் மோசம். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடும் மீனுக்குப் பெரும்பாலும் வியாதி இதுதான், இல்லையென்றால் காற்றுப் பஞ்சம். ஃபெஞ்சல் புயல் வந்து பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை கொட்டியபோது, கரண்ட் போய், ஏர் பம்ப் நின்று, எங்கள் தெருவில் மூன்று தொட்டிகள் காலியாயின. அப்போதும் அவர்களில் ஒருவரிடம் பழகிய வாய் ஒன்று கேட்டது: "எதையாவது ஒட்டி வச்சீங்களா சார்?"

பசையைக் குற்றத்திலிருந்து முழுதாக விடுவிக்க ஒரே வழிதான் தோன்றியது. அந்தக் குகையையே தூக்கி, ஆறு வருஷமாக ஓடும் என் தொட்டிக்குள் வைத்தேன். தப்பிய மூன்று கப்பிகளையும் விட்டேன். ஒரு தொட்டியில் பார்த்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கல், அதே பசை, அதே மீன். மாறியது தண்ணீர் மட்டும். மூன்றும் பிழைத்தன. ஆறாவது வாரம் ஒன்று குட்டி போட்டது.

பிறகு குகையை வெளியே தூக்கும்போதுதான் பசையின் உண்மையான குற்றம் தெரிந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் உள்ள மேற்கல் பட்டென்று கழன்று, தொட்டியின் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. இந்தப் பசை நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டு அடிக்கும் நெம்பலுக்கும் கண்ணாடி மாதிரி முறியும். நாள்பட்ட ஈரத்தில் இன்னும் தளரும். தண்ணீருக்குள் கல் லேசு, 2.7 கிலோ கருங்கல் உள்ளே 1.7 கிலோதான். கழுவ வெளியே எடுக்கும்போது முழு எடையும் அந்த ஒரு சொட்டின் தலையில். தொட்டியைக் காலி செய்வது விஷமல்ல, விரிசல். இதைப் பற்றி மீன் கடையில் ஒருவரும் எச்சரித்து நான் கேட்டதில்லை.

நான் ஒட்டும் முறை இப்போது இது. முதலில் ஆணியால் கல்லைச் சுரண்டி, தூளில் ஒரு சொட்டு வினிகர். நுரைத்தால் வினிகர் வாடை சிலிகான் கிடையாது. கிரஷர் தூசு போக பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைப்பேன். தூசு இருந்தால் பசை தூசைத்தான் பிடிக்கும், கல்லை அல்ல. பிறகு பசையே இல்லாமல் அடுக்கிப் பார்ப்பேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் போனால் செஞ்சியில் தெரியுமே, வீட்டளவு பாறை இன்னொன்றின் மேல் உட்கார்ந்திருக்கும், நடுவே ஒரு சொட்டும் இருக்காது. அப்படித் தன் எடையில் நிற்காத அடுக்கை எந்தப் பசையாலும் நிறுத்த மாட்டேன். நின்றால், நகராமலிருக்க இடுக்கில் க்விக் பசை ஒரு பொட்டு. சுமை ஏறும் மூட்டில் நன்றாகப் பிசைந்த எபாக்ஸி.

பையனின் கல்லையும் சோதித்தோம். வழுதாவூர்ப் பக்கத்து மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வினிகர் பட்டதும் சோடா மாதிரி பொங்கியது. பையன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். கப்பிக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் பிடித்ததுதான், கல்லை விட்டுவிடு என்றேன். கழன்ற மேற்கல்லை மட்டும் சாய்த்து வைத்தோம், ஓரத்தில் ஒரு விரல் நுழையும் இடுக்கு விழுந்தது. எபாக்ஸி பிசைய உட்கார்ந்தேன்.

"வேணாம் மாமா," என்றான். "குட்டிங்க அதுலதான் ஒளியுது."